ஆனந்தமைடும் என் சம்பந்தியும்

பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று 16 வருடம் ஆகிறது. வாத்தியார்த்தனம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ரசம் ஏன் புளிக்கிறது என்று பக்கத்து இலைக்காரருக்கு டார்டாரிக் அமிலம் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அதிகம் போனால் அந்த மனிதர் பாயசத்துக்குக் காத்திருக்காமல் கை கழுவ எழுந்துவிடுவார், அவ்வளவுதான். போன தீபாவளிக்கு நடத்திய பாடம் அப்படி முடியவில்லை. அதை எழுதிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

தீபாவளியன்று சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மருமகளின் அப்பா. கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூன்று வயது இளையவர். மூன்று வருடத்துக்கு முன்பு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து காலையில் ஆஸ்பிரின் 75, ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, ராத்திரி கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தோம். என் மனைவி கிண்டிய தீபாவளி லேகியத்தை விரலில் எடுத்து நக்கிக்கொண்டே அவர் கேட்டார்:

"அந்தக் காலத்துல லேகியத்துல கொஞ்சம் 'அதை'யும் சேர்ப்பாங்களாமே சம்பந்தி?"

"எதை?"

"அதான், சாமியார்கள் புகைப்பாங்களே, அதை."

எனக்கு இது போதாதா? அந்த வாரம்தான் அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். ஆரம்பித்துவிட்டேன்.

"சம்பந்தி, வெளியிலேருந்து கொண்டுவந்து சேர்க்கவே வேண்டாம். நம்ம உடம்பே கஞ்சாவைத் தயாரிக்குது, தெரியுமா?"

நான் அன்று சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் என்று ஒரு வேதியியல் பேராசிரியர் இருந்தார். பல்கேரியாவில் பிறந்தவர், 2023-இல் 92 வயதில் காலமானார். அபினிலிருந்து மார்ஃபினையும் கோக்கா இலையிலிருந்து கோகெயினையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கஞ்சாவில் போதை தரும் பொருள் எது என்பது மட்டும் சரியாகப் பிடிபடாமலே இருந்தது. மெஷூலம் போலீஸிடம் கேட்டு, பறிமுதல் செய்து வைத்திருந்த 5 கிலோ ஹஷீஷை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாராம். பஸ் முழுக்க வாசனை. 1964-இல் அவரும் கவோனி என்ற சக விஞ்ஞானியும் அந்தப் பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டி.எச்.சி.

ஒரு செடியின் சரக்கு நம் மூளையில் வேலை செய்கிறதென்றால், அந்தச் சாவி பொருந்தும் பூட்டு ஒன்று நமக்குள் இருக்க வேண்டும். 1988-இல் அமெரிக்காவில் அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு சி.பி.1 என்று பெயர். ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பூட்டும் அகப்பட்டது, அது சி.பி.2. கடவுள் நாம் கஞ்சா பிடிக்கட்டும் என்று பூட்டு வைத்திருக்க மாட்டார் அல்லவா? அப்படியானால் உடம்புக்கென்று சொந்தச் சாவி இருந்தாக வேண்டும். அதையும் மெஷூலம் குழுவினரே 1992-இல் ஜெருசலேமில், பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த வில்லியம் டெவேன் சமஸ்கிருதம் படித்துக்கொண்டிருந்தவர். ஆகவே அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நம் 'ஆனந்தம்'தான். வேதியியலில் எத்தனையோ வாயில் நுழையாத பெயர்களை முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு பெயரை எழுதும் பாக்கியம் கிடைக்கவில்லை.

சம்பந்தி ரசித்துக் கேட்டார். "ஆனந்தம் சரி, இதால உடம்புக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

"ரத்தக்குழாய் வீக்கத்தை அடக்குது. ஜெனீவாவுல எலிக்கு டி.எச்.சி.யைக் குறைஞ்ச அளவுல குடுத்துப் பார்த்தாங்க. ரத்தக்குழாய்ல கொழுப்புப் படியறது குறைஞ்சுபோச்சு. உடம்பே தனக்கு மருந்து தயாரிச்சுக்குது சம்பந்தி! நாமதான் மாத்திரை மாத்திரைன்னு ஓடறோம்."

இந்தக் கடைசி வாக்கியம் அந்தக் கட்டுரையில் இல்லை. அது என் சொந்தச் சரக்கு. வகுப்பு முடியும்போது பையன்கள் கைதட்டுகிற மாதிரி ஒரு வரி போடுவது என் பழக்கம்.

அவர் தன் தொடையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதை நான் அன்றைக்குக் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

வருஷா வருஷம் போகிக்கு முதல் நாள் கரும்பும் மஞ்சள் கொத்தும் வெல்லமுமாகப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு வரும் மனிதர் இந்த வருஷம் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு போன்தான் வந்தது. நெஞ்சில் இறுக்கம், தாடை வரைக்கும் வலி, வேர்வை. சம்பந்தியம்மா தாமதிக்காமல் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் பிழைத்தார். ஏற்கெனவே வைத்த ஸ்டென்டில் ஒன்றுமில்லை. வேறொரு இடத்தில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து அங்கே ரத்தம் உறைந்திருந்தது. மூன்றாவது ஸ்டென்ட் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக பெஞ்சில் வைத்தாள். ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், இரண்டும் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். பிறகு ஒரு சின்ன பாட்டில். 'கஞ்சா விதை எண்ணெய்' என்று ஒட்டியிருந்தது. யாரோ உறவுக்காரப் பையன் செல்போனில் ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுத்தானாம்.

"மாமா, அப்பாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு நான் பதில் சொல்லாமல் தலைகுனிந்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "பாதி தெரிஞ்சா பேசாம இருக்கணும். இல்லைன்னா மீதியையும் தெரிஞ்சுக்கணும்." எனக்கு முதலாவது வராது. எனவே இரண்டாவதைச் செய்தேன். பொங்கலிலிருந்து மாசி மகம் வரைக்கும் உட்கார்ந்து படித்தேன். அன்று நடத்தாமல் விட்ட மீதிப் பாடம் இது.

முதலில் நானே மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. மாரடைப்பு என்றால், தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வது போல என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆன மெல்லிய உறை இருக்கிறது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமானாலோ, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எதனாலோ அந்த உறை நலிந்தால், கொழுப்பு அதற்கு அடியில் போய்த் தங்குகிறது. அதை அப்புறப்படுத்த வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைகின்றன. கொழுப்பைத் தின்று தின்று உப்பி, வெளியே வர முடியாமல் அங்கேயே சாகின்றன. அதைப் பார்த்து இன்னும் பல அணுக்கள் வருகின்றன. இதுதான் அழற்சி. சுவரின் மேல் படியும் உப்பு இல்லை, சுவருக்குள் கிளம்பும் கட்டி. கட்டி உடைந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது. சம்பந்திக்கு நடந்தது அதுதான்.

இந்த இடத்தில் உடம்பின் சொந்தக் கஞ்சாவுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஆனந்தமைடும், 1995-இல் கண்டுபிடித்த 2-ஏ.ஜி. என்ற அதன் சகோதரனும், செல் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்தே தயாராகின்றன. முன்கூட்டியே செய்து சேர்த்து வைப்பதில்லை. தேவைப்படும் இடத்தில் தேவைப்படும்போது உண்டாகி, வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். சிதைக்கவென்றே தனி நொதிகள் உண்டு. நம் டெல்டாக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஒரு வயலுக்கு மடையைத் திறப்பது, பாய்ந்ததும் மண்ணை வெட்டிப்போட்டு அடைப்பது. அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சாவி சி.பி.2 என்ற பூட்டைத் திறந்தால் நல்லது. அது பெரும்பாலும் வெள்ளை அணுக்களின் மேல் இருக்கிறது. திறந்தால் அவை அடங்கும், சுவருக்குள் முண்டியடிப்பது குறையும். நான் சொன்ன ஜெனீவா ஆய்வு 2005-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதிலும் சி.பி.2 பூட்டை மருந்தால் அடைத்தபோது பலன் போய்விட்டது.

ஆனால் அதே சாவி சி.பி.1-லும் பொருந்தும். அந்தப் பூட்டு மூளையில் மட்டும் இல்லை, ரத்தக்குழாயின் உள்ளுறையிலும் இருக்கிறது. அதைத் திறந்தால் அழற்சி அடங்குவதற்குப் பதில் மூளுகிறது. ஒரே சாவி, ஒரு கதவுக்குள் தண்ணீர், இன்னொரு கதவுக்குள் நெருப்பு. தீபாவளித் திண்ணையில் நான் முதல் கதவோடு நிறுத்திக்கொண்டேன்.

2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, மனித ரத்தக்குழாய் உறை செல்களில் டி.எச்.சி.யைப் போட்டுப் பார்த்தது. அழற்சி கிளம்பியது. எலிகளில் கொழுப்புத் திட்டு அதிகமானது. ஜெனீவாவுக்கு நேர் எதிர். பிரிட்டனில் திரட்டி வைத்திருக்கும் சுமார் 5 லட்சம் பேரின் உடல்நல விவரங்களையும் அவர்கள் பார்த்தார்கள். மாதம் ஒரு தடவைக்கு மேல் கஞ்சா புகைப்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதல் என்று தெரிந்தது. இதற்கும் முன்னால், 2001-இல், மாரடைப்பு வந்து பிழைத்த 3,882 பேரிடம் விசாரித்த ஓர் ஆய்வு உண்டு. கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு ஆகிறது என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். மடையைத் திறப்பதும் கரையை வெட்டிவிடுவதும் ஒன்றா? தண்ணீர் என்னவோ ஒரே தண்ணீர்தான்.

அப்படியானால் கெட்ட கதவான சி.பி.1-ஐ மட்டும் பூட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு எனக்கு முன்பே தோன்றிவிட்டது. ரிமோனபான்ட் என்று ஒரு மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. பசி குறைந்தது, எடை குறைந்தது, ரத்தக் கொழுப்பின் கணக்கும் கொஞ்சம் நல்லபடியாக மாறியது. ஆனால் மூளையில் உள்ள கதவையும் அது சேர்த்தே பூட்டியது. சாப்பிட்டவர்களில் சிலருக்குக் காரணமில்லாத துக்கம், பதற்றம், தற்கொலை எண்ணம். 2008 அக்டோபரில் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள், பிறகு நம் நாட்டிலும் தடை செய்தார்கள். ஆனந்தத்தின் பெயரை வைத்த சாவிக்கு உரிய கதவைப் பூட்டினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று அப்போது தெரிந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த எண்ணெய் பாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். கஞ்சா விதையில் டி.எச்.சி. இல்லையென்றே சொல்லலாம். அது நல்லெண்ணெய் மாதிரி ஒரு விதை எண்ணெய், அவ்வளவுதான். அதனால் சம்பந்திக்குக் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. கெடுதல் செய்தது பாட்டில் இல்லை, பிரிக்காத அட்டைகள்தான். நிறுத்தியதால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தியிருக்கக் கூடாது என்றுதான் டாக்டரும் சொன்னார்.

அழற்சியை அடக்கினால் இதயத்துக்கு நல்லது என்பது வெறும் எலிக்கதை இல்லை. 2017-இல் 10,061 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு முடிவு வந்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமல், அழற்சியை மட்டும் குறைக்கும் ஓர் ஊசி போட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. விலையோ எட்டாத உயரம், தொற்று நோய் அபாயமும் உண்டு என்பதால் அது பழக்கத்துக்கு வரவில்லை. 2020-இல் கோல்ச்சிசின் என்ற பழைய, மலிவான வாத மருந்தைக் குறைந்த அளவில் 5,522 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் இன்னும் நல்ல பலன். ஆனால் மாரடைப்பு வந்த உடனே ஆரம்பித்துக் கொடுத்துப் பார்த்த 2024 ஆய்வில் பலன் தெரியவில்லை. இதெல்லாம் டாக்டர்கள் எடை போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தக் கோல்ச்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் மாநிலப் பூவான செங்காந்தள் செடியின் விதையிலிருந்து. ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கமெல்லாம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். எங்கள் கொல்லை வேலியிலும் ஐப்பசி மழைக்கு ஒன்று படர்ந்து பூக்கும். இதைப் படித்த அன்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அதன் கிழங்கு உயிரைக் கொல்லும் விஷம். சம்பந்தியிடம் இதை மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை. படிக்கிற நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடுங்க சம்பந்தி" என்று மட்டும் சொன்னேன்.

"அட, நீங்க வேற" என்றார். கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல. அந்த ராத்திரி மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத் தொடை ரெண்டும் கடுகடுன்னு வலி. ரெண்டு வருஷமா. நிறுத்தறதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க குடுத்தீங்க. அதோட ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்தினது என் புத்திசாலித்தனம்."

"டாக்டர்கிட்ட வலியைச் சொல்லலையா?"

"கோவிச்சுப்பாரோன்னு சொல்லலை. கூட்டமும் ஜாஸ்தி. அவரு 'எப்படி இருக்கீங்க'ன்னா, 'நல்லா இருக்கேன் சார்'னுதான் வாயில வருது."

எனக்குச் சுரீரென்றது. தீபாவளியன்று திண்ணையில் அவர் தொடையைத் தடவினாரே. ஏன் சம்பந்தி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இரண்டு வருட ரகசியம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். நான் எலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இப்போது டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதிக் கொடுத்து, பிறகு அதே வகையில் வேறு மாத்திரையாக மாற்றினார். வலி முக்கால்வாசி போய்விட்டது. இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு ஐந்து நிமிடத்தில் தீர்வு. நம் வயசுக்காரர்களில் எத்தனை பேர் இப்படி மென்று விழுங்கிக்கொண்டு இருக்கிறோமோ! உங்களுக்கும் ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நிறுத்துவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். என்னைப் போன்ற வாத்தியார்களிடம் கேட்காதீர்கள்.

டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொல்லியிருக்கிறார். மனம் வைத்து மூச்சு வாங்க நடந்தால் ரத்தத்தில் ஆனந்தமைடு கூடுகிறது என்று மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். நடந்து முடித்தபின் வரும் அந்த லேசான சந்தோஷத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். இதை மட்டும் அவரிடம் தைரியமாகச் சொன்னேன். இதற்கு எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நான் அவருக்குப் போன் செய்கிறேன். "மாத்திரை போட்டாச்சா சம்பந்தி?" என்பேன். "ஆச்சு" என்பார். எதற்கும் இருக்கட்டும் என்று அட்டை பிரிக்கும் சத்தத்தையும் போனில் கேட்க வைப்பார். பிறகு அவர் முறை.

"இன்னிக்கு நடந்தீங்களா சம்பந்தி?"

"மழை தூறிச்சு, போகலை."

"அப்ப ஆனந்தம் கம்மின்னு சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவார்.